எந்தக் கடற்கரை, எந்த நேரம்? – கேள்வி பதில்

வெப்பமான கடலோர ஊர்களுக்குச் செல்பவர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் தங்கப்போகும் ஊரைச் சுற்றி ஐந்தாறு கடற்கரைகள் உள்ளன. படங்களில் எல்லாமே அழகாகத் தெரிகின்றன. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள். மணல் மாவு போல நைஸாக இருந்தால் பெரும்பாலும் கரை சரிவின்றித் தட்டையாக இருக்கும். அலைகள் தொலைவிலேயே உடைந்து, கரையை அடையும்போது வலுவிழந்திருக்கும். குழந்தைகளுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் ஏற்றது அத்தகைய கரைதான். மணல் பருமனாகவோ கூழாங்கல்லாகவோ இருந்தால் கரை செங்குத்தாக இறங்கும். பருமணலில் ஏறிவரும் நீர் உள்ளே வடிந்துவிடுவதால், திரும்பும் நீருக்கு மணலை இழுத்துச் செல்லும் வலு இருப்பதில்லை. மணல் மேலேயே குவிந்து கரை செங்குத்தாகிவிடுகிறது. அங்கே அலை காலடியில் வந்துதான் உடையும். முழங்கால் அளவு நீரில் நிற்பவரைக் கூடத் தலைகீழாகப் புரட்டிக் கழுத்தை முறிக்கும் வலு அந்த அலைக்கு உண்டு.

அடுத்து, கரையின் அமைப்பைப் பாருங்கள். இருபுறமும் பாறை முனைகள் சூழ்ந்த விரிகுடாவில் நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆற்று முகத்துவாரத்தையும் வடிகால் கலக்கும் இடத்தையும் குளிப்பதற்கென்று ஒருபோதும் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீரோட்டம் ஒரு காரணம். ஊரின் கழிவெல்லாம் மழைநீரோடு வந்து சேரும் வாய் அதுதான் என்பது மற்றொரு காரணம். பலத்த மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்களாவது அப்பகுதியில் நீரில் இறங்காமலிருப்பது நல்லது.

கேள்வி: நேற்று மாலை அகலமாக இருந்த மணல்வெளி இன்று மாலை அதே நேரத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது. நான் தவறாகப் பார்த்தேனா?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். பெரும்பாலான கரைகளில் நீர் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று வற்றத்தின் கடைசியில் பார்த்த இடத்தில் இன்று அதே நேரத்தில் நீர் இன்னும் முழுதாக வற்றியிருக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. பாறை முனையைச் சுற்றி அடுத்த கரைக்கு நடந்துபோக நினைப்பவர்கள் ஏற்ற, வற்ற நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்பி, ஏறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும்.

கேள்வி: என் பிள்ளைகளுக்கு வயது ஆறும் ஒன்பதும். பெரிய அலை அடிக்கும் இடத்தை விட்டு, நடுவில் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரியும் பகுதியில் அவர்களை இறக்குகிறேன். சரிதானே?

சரியில்லை. வந்த கேள்விகளிலேயே என்னைத் திடுக்கிட வைத்தது இதுதான், ஏனென்றால் அக்கறையுள்ள பெற்றோரே செய்யும் பிழை இது.

அலைகள் தொடர்ந்து கரைக்குக் கொண்டுவரும் நீர் எங்காவது ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே ஆழமான ஒரு கால்வாய் இருந்தால் நீர் அதன் வழியே வெளியேறுகிறது. ஆழம் அதிகமென்பதால் அங்கே அலை உடைவதில்லை. ஆகவே இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் மட்டும் கருமையான, சலனமற்ற பாதை போலத் தெரியும். இதுவே இழுவை நீரோட்டம். சில வேளைகளில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். தேர்ந்த நீச்சல்காரரும் அதை எதிர்த்து முன்னேற முடியாது.

நீரில் இறங்குமுன் சற்று உயரமான இடத்தில் நின்று பத்துப் பதினைந்து நிமிடம் கடலைப் பாருங்கள். நுரையும் பாசியும் கலங்கிய மணலும் எந்த இடத்தில் கரையை விட்டு வெளிநோக்கிச் செல்கின்றன என்பது அதற்குள் தெரிந்துவிடும். தப்பித்தவறி அதில் சிக்கிக்கொண்டால், அது உங்களைக் கடலின் அடிக்கு இழுக்காது, கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோகும் என்பதை நினைவில் வைத்து, மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்தும் வலு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதியை அடைந்து அதன் வழியே திரும்புங்கள். நேராகக் கரையை நோக்கிப் போராடிக் களைத்துப்போனவர்கள்தாம் பெரும்பாலும் மூழ்குகிறார்கள். பிள்ளைகள் நீரில் இருக்கும்போது, உயிர்காப்பாளர் இருந்தாலும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கொடிகளின் நிறங்களுக்கு என்ன பொருள்?

பல நாடுகளில் மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் உள்ள கொடிகள் இரண்டுக்கு இடைப்பட்ட பகுதி உயிர்காப்பாளரின் கண்காணிப்பில் உள்ளது. தனிச் சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. ஊதா என்றால் கொட்டும் கடல் உயிரினங்கள் உள்ளன. சில இடங்களில் வழக்கம் மாறுபடும் என்பதால் அங்குள்ள பலகையைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ‘நீலக் கொடி’ பெற்ற கடற்கரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா?

1985இல் பிரான்சில் தொடங்கிய அந்தச் சான்றிதழ், நீரின் தரம், பராமரிப்பு, பாதுகாப்பு வசதிகள், சுற்றுச்சூழல் கல்வி ஆகியவற்றைப் பார்த்து வழங்கப்படுகிறது. கழிப்பறை சுத்தமாக இருக்குமா என்று கவலைப்படுபவருக்கு அது நல்ல வழிகாட்டி. ஆனால் இன்று காலை அலை எப்படி இருக்கிறது என்பதை அந்தக் கொடி சொல்லாது.

கேள்வி: காலையா, மாலையா?

குளிக்கக் காலை. பகலில் கடலை விட நிலம் விரைவாகச் சூடாவதால் பிற்பகலில் கடற்காற்று வலுத்து நீரைக் கலக்கிவிடும். விடிந்து ஓரிரு மணி நேரம் வரை நீர் பொதுவாகத் தெளிந்திருக்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் வேளையில் கடல் இன்னும் சாதுவாகத் தெரியும். அப்போது காற்றடைத்த மிதவைகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். இளவயதில் அப்படியொரு மிதவையில் கண்ணயர்ந்து, விழித்தபோது கரையில் நின்றவர்கள் எறும்பளவில் தெரிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். குடைக்குக் கீழே இருந்தாலும் தோல் கருகும். உலர்ந்த மணல் புறஊதாக் கதிர்களில் சுமார் 15 விழுக்காட்டையும் கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. சன்ஸ்கிரீனை இரண்டு மணிக்கொருமுறையும், நீரிலிருந்து ஏறியதும் மீண்டும் பூச வேண்டும்.

கேள்வி: ஜெல்லி மீன் கொட்டினால் சிறுநீர் ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். அது பயன் தராது. தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் உயிரணுக்களைத் தூண்டிவிடவும் கூடும். தேய்க்காமல், நன்னீர் ஊற்றாமல், கடல்நீரால் அலசி, ஒட்டியுள்ள இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில், இருபது நிமிடம் அந்த இடத்தை வைத்திருங்கள். வினிகர் சில இனங்களுக்கு உதவும், சிலவற்றுக்குக் கெடுதல் செய்யும். அந்தக் கரையில் எந்த இனம் என்பதை உயிர்காப்பாளரிடம் கேட்டே பயன்படுத்துங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திருக்கை கிடக்கும் இடமென்றால் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நடந்தால் அது விலகிப் போய்விடும்.

கேள்வி: மணலில் குழி தோண்டி விளையாடுவதில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது?

ஆழக்குழியின் சுவர் எச்சரிக்கையின்றிச் சரியும். சரிந்த மணலின் எடைக்குக் கீழே மூச்சு விட முடியாது. அங்குள்ள மிகச் சிறிய பிள்ளையின் முழங்கால் அளவுக்கு மேல் தோண்டவிடாதீர்கள். போகும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள்.

கேள்வி: எனக்கு வயது எழுபத்திரண்டு. நீரில் இறங்க மாட்டேன். எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

நீர் வற்றத் தொடங்கியபின் போங்கள். ஈர மணல் காலுக்கு உறுதியாக இருப்பதால் உலர்மணலை விட நடப்பது எளிது. வற்றம் விட்டுச்சென்ற கோட்டை ஒட்டி நடந்தால் சிப்பி, பாசி, முட்டைக் கூடுகள் எல்லாம் கிடைக்கும். உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வெப்பக் கடற்கரைகள் பலவற்றில், விரல் நுனியளவு நண்டுகள் மணலில் உள்ள உணவை உறிஞ்சிவிட்டு மீதியைச் சின்னஞ்சிறு உருண்டைகளாக உருட்டித் தம் வளையைச் சுற்றிக் கோலம் போல அடுக்கியிருக்கும். அசையாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அவை வெளியே வந்து வேலையைத் தொடரும்.

சில பருவங்களில் இரவில் அலை உடையும்போது நீல ஒளி தெறிக்கும். கலக்கப்படும்போது ஒளிரும் நுண்ணுயிர்களின் வேலை அது. நிலவில்லாத இரவில், விளக்குகளுக்கு அப்பால், கைப்பேசித் திரையையும் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் காத்திருங்கள். ஈர மணலில் நீங்கள் பதிக்கும் காலடி கூடச் சில நாட்களில் மின்னும்.