வண்டி வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கார் 2018 மாடல், பெட்ரோல், பி.எஸ். 4 (அரசின் புகை வரம்பு விதி). புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம் வந்துவிட்டது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் காருக்கு வரம்பு 0.3 சதவீதம். ஆனால் ஏறக்குறைய 300 டிகிரி சூடு ஏறினால்தான் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். பக்கத்துத் தெரு பங்க்குக்கு ஓட்டிப்போய் உடனே சோதித்தால் நல்ல வண்டியும் தோற்கும். இருபது நிமிடம் ஓட்டி, இன்ஜினை அணைக்காமல் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

அப்போதும் தேறவில்லையா? சோதனைச் சீட்டில் ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) அளவையும் பாருங்கள். அதன் வரம்பு 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு). அது எகிறியிருந்தால் பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியில்லை, பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது. கார்பன் மோனாக்சைடு மட்டும் என்றால், தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. டெம்பரேச்சர் முள் நெடுநேரம் கீழேயே கிடந்தால் இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக நினைத்து காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து, கன்வர்ட்டருக்கு முன்னால் புகையின் ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சாரை ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் அதன் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் நின்றால் சென்சாரோ வயரோ போய்விட்டது.

இதைச் சரிசெய்யாமல் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் பாழாகும். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூட்டு அடுக்கையே உருக்கிவிடும். அடுக்கை உடைத்தெடுத்து வெறும் கூட்டை மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நச்சுப்புகை முழுவதும் தெருவில் நடப்பவர்கள் மூச்சில்தான் போகும்.

கேள்வி: காரை அதிகம் எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அதனால் கெடுதல்தான் அதிகம். நின்ற இடத்திலேயே இன்ஜின் ஓடும் ஐடிலிங்கில் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது, சைலன்சரில் நீர் தங்கித் துருப்பிடிக்கும், பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தால் பெட்ரோல் வாடையே அடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முடியாவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பது மேல்.

கேள்வி: வடித்த பழைய ஆயிலைக் கரையானுக்காக வேலிக் கம்பங்களில் பூசலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டாம். அதில் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் இருக்கும். மழையில் வழிந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். மூடியுள்ள கேனில் வடித்து, பழைய ஃபில்டரோடு, ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலந்துவிடாதீர்கள். கலந்ததை மறுசுழற்சிக்கு எடுக்கமாட்டார்கள்.