இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்? அய்யா வைகுண்டரை இன்னும் ஏன் படிக்கவேண்டும்?

கேட்டவர் சொந்தக் கிணறு உள்ள வீட்டில் பிறந்தவராக இருக்கவேண்டும். குறை சொல்லவில்லை, கிணறு இருந்திருந்தால் நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

1990இல் மன்னாரிலிருந்து படகேறி, கன்னியாகுமரி மாவட்டத்து அகதி முகாமொன்றில் வளர்ந்தவன் நான். அம்மாவோடு சாமித்தோப்புக்குப் போனது அப்போதுதான். 1809இல் அங்கே பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு இப்படியொரு பெயரா என்று மேல்சாதியினர் கொதிக்க, முத்துக்குட்டி என்று மாற்றவேண்டி வந்தது. அவர்தான் பின்னாளில் வைகுண்டர். தலைப்பாகை கட்டக்கூடாது என்றிருந்த ஆண்களைத் தலைப்பாகையோடு கும்பிட வைத்தார். எல்லாச் சாதியும் ஒன்றாய்ப் புழங்க முத்திரிக்கிணறு வெட்டுவித்தார். திருவிதாங்கூர் அரசு பிடித்துச் சிறையில் போட்டது. அவருடைய வழிபாட்டிடமான பதியில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். அம்மா அதன் முன்னால் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டா. கிணற்றடியில் மட்டும் தள்ளியே நின்றா, யாராவது அள்ளி ஊற்றுவார்கள் என்று.

2002 போர்நிறுத்தத்தோடு வந்த சமாதான காலத்தில் இலங்கைக்கு, வன்னிக்குத் திரும்பினோம். அயல்வீட்டுக் கிணறுதான் கதி. நல்ல சனம். "நீங்கள் ஏன் கரைச்சல்படுறியள், நாங்கள் அள்ளித் தாறம்" என்பார்கள். எவ்வளவு மரியாதை! கயிறு ஒருநாளும் அம்மாவின் கைக்கு வந்ததில்லை. அவர்கள் சமைத்து, குளித்து, வெளியே வரும்வரை குடத்தோடு வேலிப் படலையில் நிற்கவேண்டும். வைகுண்டர் ஏன் பிரசங்கத்தோடு நிற்காமல் கிணறு வெட்டினார் என்பது எனக்கு அங்கே நின்றுதான் விளங்கியது.

"புலிகள் இயக்க காலத்தில் வன்னியில் சாதி இருக்கவில்லை" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். வாய்திறந்து சொல்லப் பயந்தார்கள், மெய்தான். அதனால்தான் அள்ளித் தந்தார்கள்.

2009இல் போர் முடிந்து இடம்பெயர்ந்தோரை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் தண்ணீர் பவுசருக்கு ஒரே வரிசை. அதே அயல்வீட்டு அக்கா அம்மாவுக்குப் பின்னால் கானோடு நின்றா. ஒருநாள் அவவுக்குக் காய்ச்சல், அம்மாதான் அந்தக் கானையும் நிரப்பிக் கொடுத்தா. ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகவில்லை, மறுபடியும் "நாங்கள் அள்ளித் தாறம்." அவவின் மகன் எனக்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் தந்தவன், அதையும் சொல்லவேண்டும். எல்லாரையும் ஒரே தராசில் போடவில்லை.

பிறகு உதவித்திட்டத்தில் எங்களுக்கும் ஒரு கிணறு கிடைத்தது. கல் வந்துவிட்டது என்று கொந்தராத்துக்காரர் பாதியில் விட்டார், பில் மட்டும் முழு ஆழத்துக்கு. முறைப்பாட்டுக் கடிதத்தோடு நாலுதரம் போனேன், அலைச்சல்தான் மிச்சம். ஆவணியில் அடிச்சேறு தெரியும். போன ஆவணியிலும் அம்மா குடத்தோடு அந்தப் படலையில்தான் நின்றா.