பழைய பிக்கப் கேபின் வேலை: கேள்வி பதில்

உச்சிப்புளிப் பக்கம் சீட், கேபின் வேலை பார்க்கிற பட்டறைக்காரன் நான். 207, பொலேரோ பிக்கப், குட்டி யானை, எது வேணா இருக்கட்டும், கதவுக்கு உள்ள இருக்கிறதைக் கேளுங்க. இன்ஜின், பம்பு எனக்குத் தெரியாது.

மண்டபம் டிரைவர்: அண்ணே, பழைய டாடா 207. மீன் லோடுதான் அடிக்கிறேன். சீட் ரெக்சின் கிழிஞ்சு பஞ்சு வெளிய தொங்குது, கால் மேட்டும் நைஞ்சுபோச்சு. சீட்டை முதல்ல குடுக்கவா, மேட்டை மாத்தவா?

ரெண்டும் அப்புறம், முதல்ல அடியில இருக்கிற தரைத் தகடு. மேட்டைத் தூக்கிப் பாத்தீங்களா?

பேட்டரி நெகடிவைக் கழட்டுங்க. சீட் போல்ட்டுக்கு ராத்திரியே துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. அவசரப்பட்டு சுத்தியலால தட்டினா தரையோட வெல்டு பண்ணின நட்டு உள்ளயே சுத்த ஆரம்பிச்சிரும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். சீட் வெளிய வந்ததும் மேட்டை உரிங்க. அடியில கறுப்பா ஒரு ஃபெல்ட், கம்பளி மாதிரி தடிச்ச துணி, இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுருங்க, காயவைச்சு மறுபடி போடாதீங்க.

காரணம் உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா ஈரத்தை இழுத்துத் தண்ணியாயிரும். நம்ம கரையில ராத்திரி ஆனா அதுக்குப் பஞ்சமே இல்ல. ஃபெல்ட்டுல உப்பு ஏறிருச்சுன்னா கோடையிலயும் அது முழுசாக் காயாது. ஐஸ் தண்ணி சொட்டுற காலோட நீங்க ஏறி இறங்குறது வேற. மேல பாத்தா ரெக்சின் நல்லா இருக்கும், கீழ தகடு அப்பளமா இருக்கும்.

தரையை நல்ல தண்ணியில ரெண்டு தடவை கழுவி வெயில்ல காயவிடுங்க. ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. இறங்குச்சுன்னா டிங்கர்கிட்ட விடுங்க. நல்ல இரும்பு தெரியிற வரைக்கும் வெட்டி 20 கேஜ் தகடு வைக்கச் சொல்லுங்க. நாலு இடத்துல புள்ளி வச்சு விட்டா ஒத்துக்காதீங்க, விளிம்பு முழுக்க வெல்டிங் ஓடணும். இடுக்கு இருந்தா தண்ணி நிக்கும், தண்ணி நின்னா துரு. புது பாம்பன் ரயில் பாலத்துலயே மூட்டெல்லாம் முழு வெல்டிங், மேல பாலிசிலாக்ஸேன் பெயின்ட். உங்க வண்டிக்கு அவ்வளவு வேண்டாம். ரெண்டு பாகம் கலக்குற எபாக்சி பிரைமர், தகடு சேர்ற கோட்டுல இடுக்கை அடைக்கிற சீம் சீலர், அதுமேல பெயின்ட், போதும்.

அதுக்கப்புறம் சீட். ஃபிரேமையும் ஸ்பிரிங்கையும் பிரைமர் அடிக்காம குஷன் ஏத்த விடாதீங்க. ஃபோம் 40 டென்சிட்டி கேளுங்க. 'நல்ல ஃபோம்'னு மட்டும் கேட்டா கடையில எதுவும் வரும். கால் மேட்டை ஒட்டவே வேண்டாம். தூக்கிக் கழுவுற மாதிரி ரப்பர் மேட் விரிச்சா போதும்.

கீழக்கரை: காக்கா, சலாம். டேஷ்போர்டு நீளத்துக்கு விரிசல். ஃபெவி குவிக் போட்டேன், நிக்கல.

வ அலைக்கும் சலாம் தம்பி. கழட்டித் திருப்பிப் பாருங்க, பின்னாடி என்ன பிளாஸ்டிக்னு அச்சு இருக்கலாம். பி.பி.ன்னு (பாலிப்ரொப்பிலீன்) இருந்தா சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. சூடு பண்ணின சால்டரிங் அயர்ன்ல இரும்பு வலையைப் பின்பக்கமா உருக்கிப் பதிக்கணும். ஏ.பி.எஸ்.ங்கிற பிளாஸ்டிக்கா இருந்தா எபாக்சி பிடிக்கும். ஒண்ணு சொல்றேன்: பளபளன்னு ஆக்குற சிலிக்கான் பாலீஷ் போட்டிருந்தா பெயின்ட் ஒட்டாது. அந்தப் பாலீஷைப் போடாதீங்க. உச்சி வெயில்ல கண்ணாடியில எதிரடிச்சு ரோடே தெரியாது.

ஏர்வாடி: மீன் கவிச்சி போகவே மாட்டேங்குது. பிளீச்சிங் பவுடர் போடலாமா?

அந்த நாத்தம் அமீன்ங்கிற ரசாயன வகை. அது காரம் (உறைப்பு இல்ல, அமிலத்துக்கு எதிரானது), அதனால புளிப்புக்கு அடங்கும். மீன் குழம்புல புளி ஊத்துறதும் இதுக்குத்தான் உதவுது. வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணியில கலந்து துடைங்க, அரை மணி கழிச்சு நல்ல தண்ணி. ஃபோமுக்குள்ள ஏறியிருந்தா துடைச்சுப் பிரயோசனம் இல்ல, மாத்தணும். பிளீச்சிங் பவுடர் இரும்பைத் தின்னும். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். மூடின கேபின்ல உயிருக்கே ஆபத்து. ஒரே நாள்ல ரெண்டையும் எடுக்காதீங்க.

பெரியபட்டினம்: பழைய மேட்டுக்கு மேலயே புது மேட் ஒட்டிரலாமா?

ஒட்டக்கூடாது. மண்டபத்துக்காரருக்கு எழுதினதைப் படிங்க.

தங்கச்சிமடம்: அண்ணே, எங்க அய்யா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவாரு. இப்ப வண்டித் தரை அடியில பழைய இன்ஜின் ஆயில் பூசச் சொல்றாங்க. சரியா?

இன்ஜின் ஆயில் வேண்டாம். அது காயாது. மணலும் உப்பும் அதுலயே ஒட்டிக்கும். எரிஞ்ச ஆயில்ல அமிலம் இருக்கும், ரப்பர் புஷ் ஊதிப்போகும். நாளைக்கு டிங்கரிங் பண்ணா பெயின்ட் பிடிக்காது. ஒழுகி மண்ணையும் கெடுக்கும்.

தேவிபட்டினம்: எங்க லாரிக்கு வருஷா வருஷம் ஆயில்தான். சேசிஸ் கல்லு மாதிரி நிக்குது. நீங்க பெயின்ட் கடைக்காரனுக்குப் பேசுறீங்க.

லாரி சேசிஸ் எவ்வளவு கனம், கேபின் தகடு எவ்வளவு கனம்? சேசிஸ், ஆயில் பூசாமலும் பல வருஷம் தாங்கும். இடுக்குல ஆயில் ஊறித் தண்ணியைத் தடுக்கும்ங்கிறது உண்மைதான், மறுக்கல. ஆனா ஒரு மழைக்கால ரோட்டுல பாதி கழுவிப்போகும்.

பாம்பன்: அப்ப மீனெண்ணெய்?

நல்ல கேள்வி. மீனெண்ணெய் ஆளிவிதை எண்ணெய் மாதிரி காத்துல காஞ்சு படலம் கட்டும். ஸ்காட்லாந்துல பிறந்த ராபர்ட் ஃபெர்குசன்னு ஒரு கப்பல் கேப்டன். துருப்பிடிச்ச இரும்புத் தளத்துல மீனெண்ணெய் சிந்தின இடத்துல துரு பரவாததைப் பாத்து, அதை வச்சுத்தான் 1921-ல ரஸ்ட்-ஓலியம் பெயின்ட் கம்பெனி தொடங்கினாரு. வள்ளக்காரங்க எண்ணெய் பூசினது சும்மா இல்ல.

தேவிபட்டினம்: ஆக எண்ணெய் நல்லதுன்னு ஒத்துக்கிட்டீங்க!

காயுற எண்ணெயை ஒத்துக்கிட்டேன். உங்க டிரம்முல இருக்கிறது காயாது.

தங்கச்சிமடம்: அப்ப மத்தி எண்ணெயே பூசிரவா?

அடியில, வெளிப்பக்கம் வேணா பூசுங்க. கேபினுக்குள்ள பூசினா வெயில்ல நீங்களே உக்கார முடியாது. பூனை வேற கூடும். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. காயும்போது சூடேறித் தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணி வாளியில அமுக்குங்க. கதவுக்குள்ள, தூணுக்குள்ள அடிக்க வாசனை இல்லாத கேவிட்டி வேக்ஸ் ஸ்ப்ரே இருக்கு, அது போதும்.

தொண்டி: நடுவுல வர்றேன், மன்னிக்கணும். மேட் அடியில ஃபெல்ட் போடலாமா?

இல்ல.

சாயல்குடி: பின்னாடி பாடியில ஆள் உக்கார பெஞ்ச் சீட் அடிச்சுத் தருவீங்களா?

மாட்டேன். சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது சட்டப்படி தப்பு, எஃப்.சி.யிலயும் (வண்டித் தகுதிச் சோதனை) நிக்காது.

வாலிநோக்கம்: உப்பளத்து வண்டிண்ணே. தரையெல்லாம் புதுசாப் போட்டாச்சு, மழை பெஞ்சா கிளீனர் பக்கம் கால்ல மறுபடி தண்ணி.

ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, கதவு அடியில தண்ணி வெளியேற ஓட்டை இருக்கும். உப்பும் சேறும் அடைச்சிருந்தா கம்பி விட்டுக் குத்துங்க. ரெண்டாவது முன்கண்ணாடியைச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங். ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், ஒருத்தர் வெளிய ஹோஸ் பிடிக்கணும். கீழ மூலையில ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா மேல வாங்க. எந்த இடத்துல உள்ள சொட்டுதோ அங்க சாக்பீஸ்ல கோடு. எடுத்த எடுப்புலயே மேல இருந்து ஊத்தினா தண்ணி எல்லாப் பக்கமும் வழிஞ்சு ஓட்டை எங்கன்னு தெரியாது.