செனான் வி.எம்.ஐ. படத்தில் வளையங்கள் கரைந்துவிட்டன. இனி எலக்ட்ரான் ஹோலோகிராம் தெரியுமா?

லேசர் செனான் அணுக்களிலிருந்து பிய்த்தெடுக்கும் எலக்ட்ரான்களின் வேகத்தையும் திசையையும் படமாக்குவது வி.எம்.ஐ. (velocity map imaging). அதில் 800 நானோமீட்டர் லேசர் அலைநீளத்தில் விழுந்த வளையங்கள் 1300-க்கு மாறியதும் காணவில்லை என்கிறீர்கள். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். வளையமும் ஹோலோகிராமும் வெவ்வேறு குறுக்கீடுகள். ஒன்று போனால் மற்றதும் போக வேண்டியதில்லை.

அடுத்தடுத்த லேசர் சுழற்சிகளில் வெளியேறும் எலக்ட்ரான் அலைகள் சேர்ந்து வளையங்களைத் தருகின்றன. வளையங்களுக்கு இடையிலான ஆற்றல் இடைவெளி ஒரு ஃபோட்டானின் ஆற்றல். ஆனால் வளையத்தின் இடத்தைப் பாண்டரோமோட்டிவ் ஆற்றல் (லேசர் புலத்தில் எலக்ட்ரான் ஊசலாடும் சராசரி ஆற்றல்) தள்ளிவிடும். அது லேசர் செறிவுக்கும் அலைநீளத்தின் இருமடிக்கும் நேர்விகிதம்: சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ வாட்டில், 800-இல் சுமார் 6 எலக்ட்ரான் வோல்ட், 1300-இல் 15.8. செறிவு 5% மாறினால் முதலாவதில் 0.3 நகரும், இடைவெளி 1.55 என்பதால் தாங்கும். இரண்டாவதில் நகர்வு 0.8, இடைவெளியோ 0.95தான். லேசர் குவியத்துக்குள்ளேயே செறிவு இதைவிட அதிகம் மாறுகிறது. லேசரை நிலைப்படுத்தி மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது.

ஹோலோகிராமில் நேரே வெளியேறிய அலையும், திரும்பி வந்து அயனியில் சிதறிய அலையும் ஒரே சுழற்சிக்குள் சந்திக்கின்றன. அணு அலகில் இரு அலைகளின் கட்ட (phase) வேறுபாடு ஏறக்குறைய குறுக்கு உந்தத்தின் (மின்புலத் திசைக்குச் செங்குத்தான உந்தம்) இருமடியில் பாதி, பெருக்கல் வெளியேற்றத்துக்கும் சிதறலுக்கும் இடைப்பட்ட நேரம். செறிவு இதில் நேரடியாக வராததால் கோடுகள் தப்பிக்கும். 2011-இல் வெளியான நெதர்லாந்தின் ஃபெலிஸ் (FELICE) என்ற கட்டற்ற எலக்ட்ரான் லேசர் சோதனையில், கிளர்வுற்ற செனானில் 7 மைக்ரோமீட்டரில் இவை பதிவாயின.

கோடுகள் மின்புலத் திசையை ஒட்டிச் சிலந்திக் கால்களாய் விரியும். தெரியவில்லையென்றால் முதலில் போலரைசேஷனை (லேசரின் மின்புலம் அதிரும் விதம்; நேர்கோட்டில் இருக்க வேண்டும்) பாருங்கள். வெற்றிட அறையின் ஜன்னல் கண்ணாடியே அதை நீள்வட்டமாக்கலாம். அப்போது திரும்பும் எலக்ட்ரான் அயனியைத் தவறவிடும். மின்புலத் திசை டிடெக்டர் தளத்துக்கு இணையாகவும் இருக்க வேண்டும். இல்லையேல் தட்டைப் படத்திலிருந்து முப்பரிமாணப் பரவலை மீட்கும் ஏபெல் தலைகீழாக்கம் செல்லாது. அந்தக் கணக்கு இரைச்சலையெல்லாம் சமச்சீர் அச்சில் குவிக்கும், கால்கள் இருப்பதும் அங்கேதான். எனவே தலைகீழாக்காத படத்திலும் கால்கள் தெரிந்தால் மட்டும் நம்புங்கள்.

அடுத்தது நீராவி. அதன் அயனியாக்க ஆற்றல் 12.6 எலக்ட்ரான் வோல்ட், செனானுக்கு 12.1, அறையை நன்றாகச் சுட வைக்காவிட்டால் இரண்டும் கலந்துதான் பதிவாகும். செனான் வாயுவை மூடி ஒரு பின்னணிப் படம் எடுத்துக் கழியுங்கள். வாயு அழுத்தத்தைப் பாதியாக்கும்போது எண்ணிக்கை குறைவதோடு படத்தின் வடிவமும் மாறினால், மின்னூட்ட நெரிசல் (மின்னூட்டத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவது) இருக்கிறது. மாறாத நிலை வரும்வரை குறையுங்கள்.

படத்தின் ஆரத்தை ஆற்றலாக மாற்றும் அளவுத்திருத்தத்துக்கு 800 நானோமீட்டரில் குறைந்த செறிவு வளையங்களே போதும்: ஆரத்தின் இருமடியை வளைய எண்ணுக்கு எதிராக வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டின் சாய்வு 1.55 எலக்ட்ரான் வோல்ட்டைக் குறிக்கும். மின்முனை வோல்ட்டேஜ்களை அதன்பின் மாற்றாதீர்கள்.