கம்போடியத் தலைநகர் நோம் பென்னின் நினைவிடங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: துவோல் சிலெங் சிறை, சுயங் ஏக் கொலைக்களம் இரண்டையும் அரை நாளில் முடித்துவிடலாமா?

பதில்: டுக்டுக்காரர் முடியும் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் துவோல் சிலெங் போங்கள், அது நகருக்குள்ளேயே இருக்கிறது. பள்ளிக்கூடமாக இருந்த இடம். 1975 ஏப்ரல் 17 அன்று போல் பாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜின் படை நோம் பென்னைப் பிடித்து ஊரையே காலி செய்தது. பிறகு இங்கே வகுப்பறைகளுக்குள் செங்கல் சுவர் எழுப்பி, ஆள் படுக்கவே இடம் போதாத கொட்டடிகளாக்கி, எஸ்-21 என்ற சிறையை நடத்தினார்கள். கைதிகள் மாடியிலிருந்து குதித்து உயிரை விட்டுவிடக் கூடாது என்று வராந்தா முழுக்க முள்கம்பி கட்டினார்கள். அதை இன்றும் பார்க்கலாம். வந்தவர்களைப் படம் எடுத்து, அடித்து வாக்குமூலம் எழுதி வாங்கி, அப்புறம் லாரியில் ஏற்றி சுயங் ஏக்கில் கொன்றார்கள். அது 15 கிலோமீட்டர் தள்ளி. நீங்களும் அதே வரிசையில் போனால்தான் நடந்தது என்னவென்று விளங்கும். காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. மாலைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம்.

கேள்வி: விசா எப்படி எடுப்பது?

பதில்: கம்போடிய அரசின் இ-விசா தளத்தில் பாருங்கள்.

கேள்வி: பத்து வயது மகளை அழைத்துப் போகலாமா?

பதில்: துவோல் சிலெங்குக்கு வேண்டாம். முதல் கட்டடத்தின் அறைகளில் இரும்புக் கட்டில் இருக்கும். 1979 ஜனவரியில் கெமர் ரூஜ் ஆட்சியை விரட்டி வியட்நாம் படை வந்தபோது அந்த அறையில் கிடந்த சடலத்தின் படம் சுவரில் இருக்கும். பெற்றோர் மாறி மாறி உள்ளே போய் வாருங்கள்.

கேள்வி: சுயங் ஏக் தூபியில் மண்டை ஓடுகளைக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்களே, இது இறந்தவர்களுக்கு அவமரியாதை இல்லையா? தகனம் செய்ய வேண்டாமா?

பதில்: மன்னர் சிஹானூக்கும் தகனம் செய்யத்தான் சொன்னார். பௌத்த நாட்டில் அது நியாயமான குரல். அரசோ, இவை சாட்சியம் என்று வைத்துக்கொண்டது. அங்கே 129 குழிகளில் 86-ஐத்தான் தோண்டினார்கள், மீதியை அப்படியே விட்டுவிட்டார்கள். எடுத்த எலும்புகளுக்காக 1988-இல் எழுப்பியதே அந்தத் தூபி. கம்போடிய மக்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். வழிபாடு நடக்கும் இடத்தை வெறும் காட்சிக்கூடம் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் துவோல் சிலெங்கில் மண்டை ஓடுகளாலேயே கம்போடிய வரைபடம் செய்து சுவரில் மாட்டியிருந்தார்கள். அது தவறு. 2002-இல் கழற்றியது நல்லது.

கேள்வி: கெமர் ரூஜ் தலைவர்கள் மீதான விசாரணைதான் முடிந்துவிட்டதே? இனி எதற்குச் சாட்சியம்?

பதில்: எஸ்-21 சிறைத் தலைவன் டூச்சுக்கு 2012-இல் மேல்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2018-இல் அந்த ஆட்சியின் தலைவர்களான நுவோன் சியா, கியூ சம்பான் இருவரும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. சரி, நீதிமன்ற வேலை முடிந்தது. ஆனால் எந்த மண்டை ஓடு யாருடையது என்று தெரியாதே! அந்த ஆட்சியில் கம்போடியச் சிறுபான்மையினரான சாம் முஸ்லிம்களையும் கொன்றார்கள், அவர்கள் வழக்கம் அடக்கம் செய்வது. யாரைக் கேட்டு எல்லோரையும் எரிப்பது?

கேள்வி: அப்படியானால் திதி கொடுப்பது எப்படி? இதற்கும் பதில் சொல்லுங்கள்.

பதில்: நம் மகாளய பட்சம் வரும் அதே பருவத்தில் கம்போடியர்களுக்கு பிச்சும் பென் என்ற முன்னோர் திருநாள் வருகிறது. பதினைந்து நாள் விகாரைகளில் முன்னோருக்குச் சோறு படைப்பார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் படைக்கிறார்கள். தகனம் செய்யாததால் சடங்கு நின்றுபோகவில்லை.

கேள்வி: நான்கு மணி நேரம் போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உள்ளே படம் எடுக்கலாமா?

பதில்: தடைப் பலகை உள்ள இடத்தில் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் கைதிகளின் முகங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். கொல்லப் போகிறவர்கள் எடுத்த படங்கள் அவை, எடுக்கலாமா என்று யாரும் கைதிகளைக் கேட்கவில்லை. 2021-இல் ஒருவர் அந்தப் படங்களுக்கு வண்ணம் பூசி, சிலர் முகத்தில் சிரிப்பையும் வரைந்தார், அதை ஒரு இணைய இதழ் வெளியிட்டது. கம்போடிய அரசு கண்டித்த பிறகுதான் நீக்கினார்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: வழிகாட்டி வேண்டுமா, ஆடியோ போதுமா?

பதில்: ஆடியோ. சுயங் ஏக்கில் கட்டாயம் எடுங்கள், பேசாமல் நடக்க அதுதான் வசதி. மழைக்குப் பிறகு பாதையோரம் எலும்பும் துணியும் மேலே வரும். தொடாதீர்கள், ஊழியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: டுக்டுக்காரர் வழியில் துப்பாக்கி சுடும் மைதானம் காட்டுகிறேன் என்கிறார், போகலாமா?

பதில்: வேண்டாம். ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மாலைக்கு எதுவும் வேண்டாம் என்று நான் சொன்னதில் இதுதான் முதலாவது.

கேள்வி: ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு இரவு அங்கோர் கோயில்கள் உள்ள சியெம் ரீப்புக்குப் பேருந்து ஏறலாமா?

பதில்: மறுநாள் காலைப் பேருந்துக்குச் சீட்டு எடுங்கள்.