மோட்டாரை நிறுத்த எட்டு பைட் எதற்கு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்து கொடுக்கிறேன். உள்ளே இருப்பது கார்ட்டெக்ஸ் எம்0 சிப். ரேம் 4 கிலோபைட்தான். மோட்டாருக்கு 5 நிலைகள், 12 நிகழ்வுகள். எந்த நிலையில் எது நடந்தால் எந்த உறுப்புச் செயற்கூற்றை (மெம்பர் ஃபங்ஷன், அதாவது ஒரு வகுப்புக்குச் சொந்தமான செயற்கூறு) அழைக்க வேண்டும் என்று சி++ மொழியில் 60 கட்ட அட்டவணை எழுதியிருக்கிறேன். கட்டத்துக்கு 4 பைட் ஆகும் என்று நினைத்தால் 8 ஆகிறது, அதுவும் ரேமில். டைமருக்கு உறுப்புச் செயற்கூற்றைக் கொடுத்தால் கம்பைலர் ஏற்க மறுக்கிறது. எல்லாவற்றையும் கம்பைலர் நிரலைத் தொகுக்கும்போதே முடித்துவிட முடியாதா?

பதில்: முடியும். ஆனால் இரண்டு தனித்தனிச் சிக்கல்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். ரேம் மட்டும்தான் கவலை என்றால் அட்டவணையின் அறிவிப்பில் 'ஸ்டாட்டிக் கான்ஸ்டெக்ஸ்பர்' என்று சேர்த்தால் போதும். அட்டவணை தொகுக்கும்போதே உருவாகி, நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 480 பைட் ரேம் மிச்சமாகும். உங்களிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் அது. வேறு தொல்லை இல்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

எட்டு பைட் ஏன் என்று பார்த்துவிடுவோம். &மோட்டார்::நிறுத்து என்று எழுதும்போது கிடைப்பது வெறும் முகவரி அல்ல. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இரண்டும் அதை இரண்டு சொற்களாக (உங்கள் சிப்பில் ஒரு சொல் 4 பைட்) சேமிக்கின்றன. முதல் சொல்லில் சாதாரணச் செயற்கூறானால் முகவரி. மெய்நிகர்ச் செயற்கூறானால், அதாவது பொருளின் வகையைப் பார்த்து ஓடும்போது முடிவாகும் விர்ச்சுவல் செயற்கூறானால், அந்த வகைக்குக் கம்பைலர் உருவாக்கும் தனி அட்டவணையில் அதன் இடம். இரண்டாம் சொல்லில், பொருளின் முகவரியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற கணக்கு. தோப்பில் ஒருவரிடம் "மூன்றாவது மடையைத் திற" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். எந்த வாய்க்காலின் மூன்றாவது மடை என்பது அவர் போய் நிற்கும் வாய்க்காலைப் பொறுத்தது அல்லவா? மெய்நிகர்ச் செயற்கூறும் அப்படித்தான். அதனால் அழைக்கும் ஒவ்வொரு முறையும் "இது முகவரியா, மடை எண்ணா?" என்று சிப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான சிப்களில் இந்த அடையாளம் முதல் சொல்லின் கடைசி பிட்டில் இருக்கும். ஆர்ம் சிப்பில் அந்த பிட்டை 'தம்ப்' கட்டளை முறை முன்பே எடுத்துக்கொண்டதால் அடையாளம் இரண்டாம் சொல்லுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இதைச் சாதாரணச் சுட்டியாக மாற்றக் கம்பைலர் மறுப்பதில் வியப்பில்லை. வாளையாறு பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் இருந்தபோது, ஜிசிசியின் தனிச் சலுகை ஒன்றைப் பயன்படுத்தி நானே அப்படி வலிந்து மாற்றினேன். கம்பைலரை மாற்றிய அன்று அந்தக் கோப்பு முழுவதையும் திரும்ப எழுதினேன்.

வழி இதுதான்: உறுப்புச் சுட்டியை (மேலே பார்த்த அந்த எட்டு பைட்) தரவாகச் சேமிக்காதீர்கள், டெம்ப்ளேட்டுக்கு (கொடுக்கும் அளவுருவைக் கொண்டு கம்பைலர் செயற்கூறு வார்த்துத் தரும் அச்சு) அளவுருவாகக் கொடுங்கள். 'பாலம்' என்று ஒரு டெம்ப்ளேட் செயற்கூறு எழுதுங்கள். அதன் டெம்ப்ளேட் அளவுரு 'ஆட்டோ செயல்'; சி++17 முதல் இப்படி எழுதலாம், அதற்கு முந்தைய கம்பைலரானால் சுட்டியின் வகையை முழுதாக எழுத வேண்டும். பாலம் வாங்கிக்கொள்வது ஒரு வாய்டு சுட்டி, அதாவது எந்த வகைப் பொருள் என்று சொல்லாத வெறும் முகவரி. உள்ளே அதை மோட்டார் சுட்டியாக மாற்றி, (மோ->*செயல்)() என்று அழைக்கிறது; வேறு வேலை அதற்கு இல்லை. இனி அட்டவணையின் கட்டத்தில் எழுத வேண்டியது பாலம்<&மோட்டார்::நிறுத்து> என்று. அது சாதாரணச் செயற்கூறு, எனவே 4 பைட்; மொத்தம் 240.

இதில் லாபம் பைட்டோடு நிற்பதில்லை. எந்தச் செயற்கூறு என்பது கம்பைலருக்கு முன்பே தெரிந்துவிடுவதால் அந்த "முகவரியா, மடை எண்ணா" விசாரணையே மறைகிறது. 'நிறுத்து' சிறியதாக இருந்தால் பாலத்துக்குள்ளேயே கரைந்துவிடும். ஒரே செயற்கூறு பத்துக் கட்டங்களில் வந்தாலும் பாலம் ஒன்றுதான். வெவ்வேறு செயற்கூறுகள் ஐம்பது இருந்தால் ஐம்பது பாலங்கள். அப்போது மிச்சப்பட்ட ஃபிளாஷில் ஒரு பகுதி இங்கே செலவாகும். உங்கள் அட்டவணையில் பாதிக் கட்டங்கள் 'எதுவும் செய்யாதே' என்றுதான் இருக்கும் என்பது என் ஊகம், கவலை வேண்டாம்.

வழுக்கும் இடங்களும் உண்டு. 'நிறுத்து' என்ற பெயரில் அளவுருக்கள் மாறும் இரண்டு செயற்கூறுகள் இருந்தால் எது வேண்டும் என்று வகைமாற்றம் எழுதிச் சொல்லுங்கள். வாய்டு சுட்டியாகக் கொடுத்த பொருளை அதே வகைக்கே திருப்ப வேண்டும்; மரபுரிமை உள்ள இடத்தில் பெற்ற வகையைக் கொடுத்துத் தாய் வகையாக வாங்கினால், மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் பிழை ஒன்றை வளர்க்கிறீர்கள். மெய்நிகர்ச் செயற்கூறுகளின் சுட்டிகள் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டாம். விடை என்னவாக இருக்கும் என்று மொழியின் தரநிலை உறுதி தரவில்லை.

டைமருக்கு வருவோம். பலகையில் மோட்டார் ஒன்றுதான், அதன் பொருள் நிரல் முழுக்க நிலையான இடத்தில் இருக்கிறது என்றால் அந்தப் பொருளின் முகவரியும் தொகுக்கும்போதே தெரிந்ததுதான். அதையும் இரண்டாவது டெம்ப்ளேட் அளவுருவாகக் கொடுங்கள். அளவுருவே இல்லாத வெறும் செயற்கூறு கிடைக்கும். டைமர் நூலகம் கேட்பது அதைத்தான். இன்டரப்ட்டுக்கு (ஓடும் வேலையை இடைமறித்து வரும் அழைப்பு) குறிப்பிட்ட பெயரே வேண்டும் என்று சிப் அடம்பிடித்தால், அந்தப் பெயரில் ஒரு வரிச் செயற்கூறு எழுதி அதிலிருந்து அழையுங்கள். உள்ளே ஒரு கொடியை (வேலை வந்திருக்கிறது என்று குறித்துவைக்கும் மாறி) ஏற்றிவிட்டுத் திரும்புங்கள். ரிலேயை விடுவிக்கும் வேலையை முதன்மைச் சுழற்சி பார்த்துக்கொள்ளட்டும்.

எல்லாம் முடிந்ததும் நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் தரும் மேப் கோப்பை (எது எந்த முகவரியில் என்ற பட்டியல்) திறந்து அட்டவணையின் முகவரியைப் பாருங்கள். அது இன்னும் ரேம் பக்கம் இருந்தால், எங்கோ 'கான்ஸ்டெக்ஸ்பர்' விட்டுப்போயிருக்கிறது.