புதிய ரேடியேற்றரின் வடிகால் பிளக் எது, ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: மொரிஸ் மைனர் 1000க்குப் பழைய பித்தளை ரேடியேற்றரை எடுத்துவிட்டுப் புதிய அலுமினியம் ஒன்று போட்டிருக்கிறேன். பழையதில் தண்ணீரை வடிக்க இருந்த டப் (திருகு குழாய்) இதில் இல்லை. கீழே ஒரு பிளக்கைக் கழற்றித் திரும்பப் பூட்டியதிலிருந்து சொட்டுகிறது. திரெட் டேப் எவ்வளவு சுற்றினாலும் நிற்கவில்லை.

பதில்: டேப் சுற்றுவதை முதலில் நிறுத்துங்கள். இப்படி ஒழுகினால் அநேகமாகப் புரி (திரெட்) பொருந்தவில்லை, அல்லது பிளக் சரியாக உட்காரவில்லை. இரண்டையும் டேப்பால் திருத்த முடியாது.

நீங்கள் கழற்றியது வடிகால்தானா என்று பாருங்கள். அலுமினிய ரேடியேற்றர்களில் இரண்டு மூன்று துளைகள் வைத்தே விற்கிறார்கள். மேலேயோ நடுப்பகுதியிலோ இருப்பது பெரும்பாலும் மின்விசிறிச் சுவிட்சுக்கு. ஒரே அளவில் சோடியாக இரண்டு இருந்தால் அது ஓட்டோ கியர் எண்ணெயைக் குளிராக்கும் வழி. அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை, திறந்தாலும் ஒன்றும் வராது. வடிகால், கீழ்த் தொட்டியின் அடியிலோ பின்பக்கத்திலோ, எல்லாவற்றிலும் தாழ்வாக இருக்கும். கிறில் பக்கம் பார்த்து இருந்தால் நின்றபடி தெரியாது. சின்னக் கண்ணாடியும் டோர்ச்சும் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் வடிகாலே கிடையாது, கீழ் ஹோஸைக் கழற்றித்தான் வடிக்க வேண்டும். பிற்கால மினிகளும் அப்படித்தான் வந்தன.

எஞ்சின் பிளாக்கின் பின்பகுதியில், கீழே, இன்னொரு வடிகால் இருக்கிறது. மைனரில் மொத்தம் சுமார் 5 லீற்றர் பிடிக்கும். வாளியில் விழுந்தது அதில் பாதிகூட இல்லையென்றால் பிளாக் இன்னும் காலியாகவில்லை. திறந்தும் வராவிட்டால் துரு அடைத்திருக்கிறது, கம்பியால் மெதுவாகக் குத்துங்கள்.

இனிப் புரி. குழப்பம் முழுவதும் இங்கேதான். பழைய பிரித்தானியக் கார்களின் டப்கள் பெரும்பாலும் பிஎஸ்பி, அதாவது பிரித்தானியக் குழாய்ப் புரி. புதிய ரேடியேற்றர் எந்த நாட்டில் செய்ததோ அதைப் பொறுத்து என்பிடியாகவோ (அமெரிக்கக் குழாய்ப் புரி) மெற்றிக்காகவோ இருக்கலாம். குழாய்ப் புரியில் அங்குலம் என்பது பெயர் மட்டும், புரியின் விட்டம் அல்ல: கால் அங்குல பிஎஸ்பி 13.16 மில்லிமீற்றர் விட்டம், அங்குலத்துக்கு 19 புரி. கால் அங்குல என்பிடிக்கு 18 புரி, விட்டம் ஏறக்குறைய 13.7. மெற்றிக்கில் எம்14 என்றால் 14 மில்லிமீற்றர், புரி இடைவெளி வழக்கமாக 1.5. அரைக்கால் அங்குல பிஎஸ்பி 9.73, எம்10உடன் மாறிப்போவது இதுதான். பிஎஸ்பி பிளக்கை எம்14 துளையில் விட்டால் லொடலொடவென்று ஆடும். டேப் சுற்றினால் இறுகிவிட்டதுபோல இருக்கும், எஞ்சின் சூடாகி அழுத்தம் ஏறியதும் ஒழுகும். என்பிடி பிளக் பிஎஸ்பி துளையில் ஓரிரு சுற்று போய் இறுகிக்கொள்ளும். அதற்குமேல் ஸ்பனரால் தள்ளினால் அலுமினியப் புரி அரைபட்டுப் போகும்.

ஆகவே, டேப் எதுவும் இல்லாமல் விரலால் மட்டும் பூட்டிப் பாருங்கள். நேர்ப்புரி பிளக் தலை முட்டும்வரை தடையில்லாமல் போக வேண்டும். நுனியை நோக்கிக் குறுகும் கூம்புப்புரி என்றால் மூன்று நான்கு சுற்றில் இறுக வேண்டும். துளைக்குள் பெயின்ற் இறங்கியிருந்தாலும் தடுக்கும், சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பிளக்கைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குக் கொண்டுபோய், திரெட் கேஜும் வெனியரும் உள்ள கடையில் காட்டுங்கள். கண்மட்டத்தில் ‘இது சரியாக வரும்’ என்று தருவதை வாங்க வேண்டாம்.

நேர்ப்புரிக்குத் தண்ணீரை நிறுத்துவது வொஷர், புரி அல்ல. உருக்கு வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய டௌட்டி வொஷர் நல்லது. ஃபைபர் வொஷர் என்றால் ஒவ்வொரு முறையும் புதிது. ரேடியேற்றரில் வொஷர் உட்காரும் முகத்தில் மாக்கர் பேனாவால் மை பூசி, வெறும் பிளக்கை விரலால் இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை முழு வட்டமாக அழிந்திருந்தால் முகம் நேராக இருக்கிறது. பிறையாக அழிந்திருந்தால் வெல்ட் சூட்டில் முகம் சரிந்திருக்கிறது. அதை லேத் பட்டறையில் முகம் வெட்டித்தான் திருத்தலாம்.

கூம்புப்புரிக்குத்தான் டேப். பிளக்கின் நுனியை உங்கள் பக்கம் பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு மூன்று சுற்று. முதல் புரியை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் பிய்ந்த துண்டு கோரின் (ரேடியேற்றரின் நடுப்பகுதி) மெல்லிய குழாயில் போய் அடைக்கும். விரலால் இறுகியபின் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. கூம்புப்புரி ஆப்புப்போல வேலை செய்வதால் அதற்குமேல் இறுக்கினால் பொஸ் (பிளக் பூட்டும் தடித்த வளையம்) வெடிக்கும். டேப்புக்குப் பதில் லொக்டைட் 577 என்ற புரிப் பசை பூசலாம், ஒரு நாள் காயவிடுங்கள். பிளாஸ்ரிக் டப்பில் அதைப் பூசவே கூடாது, பிளாஸ்ரிக் வெடிக்கும். சிலிக்கன் கம் வேண்டாம், உள்ளே பிதுங்கியது கழன்று கோருக்குள் போகும். பித்தளைப் பிளக்கை அலுமினியத்தில் போட்டால் அரிப்பு வரும். அலுமினியப் பிளக் கிடைத்தால் அதையே போடுங்கள்.

பூட்டியபின் அழுத்தம் சோதிக்கும் பம்ப் வைத்து, ரேடியேற்றர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம்வரை ஏற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். பிளக்கைச் சுற்றித் துடைத்து முகப் பவுடர் தூவினால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். புரியிலிருந்து வந்தால் மேலே சொன்னவை. பொஸ்ஸின் வெளிவிளிம்பில் வந்தால் வெல்ட் வெடிப்பு, ரேடியேற்றரைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். மேல் ஹோஸில் கசிந்தது வழிந்து வந்து பிளக்கில் சொட்டுவதும் உண்டு.

கொழும்பில் தண்ணீர் உறையாது என்பதற்காகக் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியத்தைக் காப்பது கூலண்டிலுள்ள அரிப்புத் தடுப்பான். அலுமினியத்துக்கு ஏற்ற கூலண்ட் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மீதி பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வோட்டர். வடித்த பழையதைக் கானில் ஊற்றவோ வாளியில் திறந்து வைக்கவோ வேண்டாம். அது இனிப்பு, நாயும் பூனையும் குடித்தால் சாகும்.